கிணற்றில் இறங்கினால் ஏன் ஒன்றுக்கு முட்டுகிறது?

சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் காலையில் கிணற்றில் இறங்குவோம், பசி எடுத்தால்தான் ஏறுவோம். நீச்சல் தெரியாதவர்களுக்கு முதுகில் காலி மண்ணெண்ணெய்க் கேனைக் கட்டிவிடுவார்கள். அங்கே ஒரு விஷயம் எல்லாருக்கும் ஒரேபோல நடக்கும். இறங்கி அரை மணி நேரம் ஆனதும் ஒவ்வொருத்தனாகப் படியேறி வரப்போரம் ஒதுங்குவான். திரும்பி வந்து குதிப்பான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஏறுவான். "தண்ணிக்குள்ளயே கெடந்தா உடம்புக்குள்ள தண்ணி ஊறிரும்டா" என்று அப்பத்தா சொல்வார். நாங்களும் நம்பினோம்.

தோல் வழியாக அப்படித் தண்ணீர் உள்ளே ஊறுவதில்லை. ஊறினால் மீன் பிடிப்பவர்கள் எல்லாரும் நீர் கோத்துக் கிடக்க வேண்டியதுதான். அப்படியானால் வெளியே போன அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? பல வருடம் கழித்து உடலியங்கியல் படிக்கும்போதுதான் பதில் கிடைத்தது. அந்தப் பதில் சிறுநீரகத்தில் தொடங்கவில்லை, இதயத்தில் தொடங்குகிறது. இதயமும் சிறுநீரகமும் ரத்தத்தின் வழியாக நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கின்றன. அந்தப் பேச்சு புரிந்துவிட்டால் பிரஷர் மாத்திரை ஏன், உப்பைக் குறைக்கச் சொல்வது ஏன், கால் ஏன் வீங்குகிறது என்று பல முடிச்சுகள் ஒரே இழுப்பில் அவிழும்.

ஐந்து லிட்டர் உப்புத் தண்ணீர்

வளர்ந்த ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. அதில் ஏறக்குறைய 45 சதவீதம் சிவப்பணுக்கள். மீதி பெரும்பாலும் பிளாஸ்மா என்ற வெளிர் மஞ்சள் நீர். பிளாஸ்மாவில் புரதம், சர்க்கரை, இன்னும் என்னென்னவோ இருந்தாலும் அடிப்படையில் அது உப்புத் தண்ணீர்தான்.

மருத்துவமனையில் ஏற்றும் 'சலைன்' பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். அரை லிட்டர் பாட்டிலில் நாலரை கிராம் உப்பு இருக்கும். ஒரு லிட்டருக்கு 9 கிராம். ரத்தத்தோடு ஒத்துப்போகும் அடர்த்தி அதுதான் என்பதால்தான் அந்தக் கணக்கில் தயாரிக்கிறார்கள்.

இந்த 9 கிராம் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு தன் உப்பின் அடர்த்தியை மிகக் கறாராகக் காப்பாற்றும். கூடவும் விடாது, குறையவும் விடாது. அப்படியென்றால், 9 கிராம் உப்பு கூடுதலாக உடம்பில் தங்கினால் அதைப் பழைய அடர்த்திக்குக் கொண்டுவர ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரும் கூடவே தங்கியாக வேண்டும். உப்பு போனால் தண்ணீரும் போகும். ரத்தம் எவ்வளவு இருக்கும் என்பதை நாம் குடிக்கும் தண்ணீரைவிட உடம்பில் நிற்கும் உப்புதான் அதிகம் தீர்மானிக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் சுமார் 70 மில்லி ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு எழுபது துடிப்பு என்று வைத்தால் கிட்டத்தட்ட 5 லிட்டர். அதாவது, மொத்த ரத்தமும் ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று வந்துவிடுகிறது. இதயத்துக்கு ஒரு குணம் உண்டு: எவ்வளவு ரத்தம் வந்து சேருகிறதோ அவ்வளவையும் வெளியே தள்ளப் பார்க்கும். அதிகம் வந்தால் அறை அதிகம் விரியும், விரிந்த தசை இன்னும் பலமாகச் சுருங்கும். இந்த விதியில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேயரின் பெயர் இருக்கிறது. 'ஹார்மோன்' என்ற சொல்லை 1905-ல் முதன்முதலில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரேதான். கிரேக்க மொழியில் 'தூண்டுகிறேன்' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து அதை எடுத்தார். ஓர் உறுப்பு சிறிதளவு ஒரு பொருளைச் சுரந்து ரத்தத்தில் விட, அது எங்கோ இருக்கும் இன்னோர் உறுப்பை வேலை வாங்குகிறது என்றால், அதுதான் ஹார்மோன். இதயத்தின் விதியும் ஹார்மோன் என்ற சொல்லும் ஒரே மனிதரிடம் வந்து சேர்ந்தது தற்செயல்தான். ஆனால் இதயமே ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது என்று தெரியவர, அதற்குப் பிறகு எழுபது வருடத்துக்கு மேல் ஆனது.

போகிக்கு வீட்டைக் காலி செய்வது போல

இதயம் தள்ளும் 5 லிட்டரில் ஒரு லிட்டருக்கு மேல் நேராகச் சிறுநீரகங்களுக்குப் போகிறது. இரண்டையும் சேர்த்து எடை போட்டாலும் முந்நூறு கிராம் சொச்சம்தான். அத்தனை சின்ன உறுப்புக்கு ஏன் இவ்வளவு ரத்தம்? அது தின்பதற்காக வாங்கவில்லை, வடிகட்டுவதற்காக வாங்குகிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. ஒரு நெஃப்ரானின் தலைப்பகுதியில் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் நூல்கண்டு மாதிரி சுருண்டிருக்கும். ரத்தத்தின் அழுத்தமே பிளாஸ்மாவைப் பிழிந்து வெளியே தள்ளும். அணுக்களும் பெரிய புரதங்களும் உள்ளேயே நிற்க, தண்ணீர், உப்பு, சர்க்கரை, கழிவு எல்லாம் சேர்ந்து ஒரு நீண்ட குழாய்க்குள் இறங்கும். நிமிடத்துக்கு 125 மில்லி என்ற கணக்கில் ஒரு நாளைக்கு 180 லிட்டர் இப்படி வடிகிறது. நம்மிடம் இருக்கும் பிளாஸ்மாவோ மூன்று லிட்டருக்கும் குறைவு. அந்த 180 லிட்டரோடு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உப்பும் வெளியே வந்துவிடுகிறது. மளிகைக் கடை உப்புப் பாக்கெட் ஒன்றரை.

அப்புறம் அந்தக் குழாய் நெடுக, வேண்டியதை எல்லாம் ரத்தம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. 99 சதவீதம் திரும்பிவிடும். மிச்சம் ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சிறுநீராகப் போகிறது.

முதலில் இதைப் படித்தபோது எனக்கு இது வீண்வேலையாகத்தான் பட்டது. எல்லாவற்றையும் வெளியே எடுப்பானேன், பிறகு கிட்டத்தட்ட எல்லாவற்றையும் உள்ளே எடுப்பானேன்? போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்வதை நினைத்துப் பார்த்தபோது பிடிபட்டது. பரணில் கையை விட்டு இது குப்பையா, அது குப்பையா என்று துழாவினால் பாதி அங்கேயே தங்கிவிடும். எல்லாச் சாமானையும் திண்ணையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் உள்ளே எடுத்துப் போனால், குப்பை எது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. சிறுநீரகமும் அப்படித்தான். நாளைக்குப் புதிதாக ஒரு மருந்தோ நஞ்சோ உடம்புக்குள் வந்தாலும் அதை அடையாளம் தெரிய வேண்டியதில்லை. தனக்கு வேண்டியது எது என்று தெரிந்தால் போதும்.

கடைசி ஒரு சதவீதத்தில்தான் சூட்சுமம். ஒன்றரைக் கிலோ உப்பில் ஒரு சதவீதம் 15 கிராம். அதில் கொஞ்சம் கூட எடுத்தாலும் குறைய எடுத்தாலும் ரத்தத்தின் அளவே மாறிப்போகும். எவ்வளவு எடுப்பது என்று சிறுநீரகத்துக்கு யார் சொல்வது?

மே மாதப் பேருந்து

மதுரையிலிருந்து சென்னைக்குப் பகல் பேருந்து. மே மாதம். ஜன்னல் ஓரம் அனல் அடிக்கிறது. வழியில் சுத்தமான கழிப்பறை கிடைக்காது என்று பயந்து பெண்கள் பலரும் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். என் அக்காவும் அப்படித்தான். எட்டு மணி நேரம் ஒரு வாய் குடிக்காமல் வருவாள். இறங்கியபின் போகும் சிறுநீர் கொஞ்சமாக, கடுகெண்ணெய் நிறத்தில் இருக்கும், எரிச்சலோடு.

அந்த எட்டு மணி நேரத்தில் அவள் உடம்புக்குள் என்ன நடந்தது? வியர்வையில் உப்பு இருந்தாலும் ரத்தத்தைவிட அடர்த்தி குறைவு. வியர்க்க வியர்க்க உப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம் போகும். ரத்தம் கெட்டிப்படத் தொடங்கும். மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்று ஓர் இடம் உண்டு. ரத்தத்தின் அடர்த்தி ஓரிரு சதவீதம் கூடினாலே அங்குள்ள செல்கள் கண்டுபிடித்துவிடும். உடனே இரண்டு வேலை நடக்கும். ஒன்று, தாகம். அடுத்தது, பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து வாசோபிரசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் இறங்கும்.

வாசோபிரசின் நெஃப்ரானின் கடைசிக் குழாய்க்குப் போய்ச் சேர்ந்ததும், அங்குள்ள செல்கள் உள்ளே மடித்து வைத்திருக்கும் நீர்க் கதவுகளைச் சுவருக்குக் கொண்டுவந்து பொருத்துகின்றன. அக்குவாபோரின் என்று அவற்றுக்குப் பெயர். அந்தக் கதவுகள் வழியாகத் தண்ணீர் ரத்தத்துக்குத் திரும்பும், சிறுநீர் சுண்டிவிடும். சில நிமிடங்களிலேயே இது நடந்துவிடும். ஹார்மோன் குறைந்ததும் கதவுகள் மறுபடி உள்ளே போய்விடும். இந்த நீர்வழிகளைக் கண்டுபிடித்ததற்காகப் பீட்டர் அக்ரே 2003-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் அதை முதலில் கண்டது சிறுநீரைத் தேடிப் போய் இல்லை, சிவப்பணுக்களின் சவ்வை ஆராயும்போது.

வாசோபிரசின் சுரக்காமல் போனாலும், சுரந்தும் சிறுநீரகம் கேட்காமல் போனாலும், ஒரு நாளைக்குப் பத்து லிட்டருக்கு மேல்கூடச் சிறுநீர் போகலாம். இந்த நோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் சம்பந்தம் இல்லை. 'நீரிழிவு' என்ற நம் சொல் உள்ளபடி இதற்குத்தான் இன்னும் நன்றாகப் பொருந்தும். மது குடித்தவர் அடிக்கடி ஒதுங்குவதும் இதே கதைதான்: மது வாசோபிரசினை அடக்கிவிடும். விடிந்ததும் நாக்கு வறண்டு தலை இடிப்பதில் அப்படிப் போன தண்ணீருக்கும் பங்கு உண்டு.

சரி, வாசோபிரசின் தண்ணீரைத்தான் மிச்சம் பிடிக்கும். இழந்த உப்பை யார் மீட்பது? இங்கேதான் சிறுநீரகம் தானே வாய் திறக்கிறது.

ஒவ்வொரு நெஃப்ரானுக்கும் ரத்தம் கொண்டுவரும் சின்னத் தமனியின் சுவரில் சில விசேஷமான செல்கள் உள்ளன. தமனியில் அழுத்தம் குறைந்தால் அவற்றுக்குத் தெரிந்துவிடும். உடனே ரெனின் என்ற பொருளை ரத்தத்தில் விடும். 1898-லேயே ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ராபர்ட் டீகர்ஸ்டெட்டும் பெர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகத்தை அரைத்துச் சாறெடுத்து இன்னொரு முயலுக்குச் செலுத்த, அதன் ரத்த அழுத்தம் ஏறியது. ரெனின் என்று பெயர் வைத்தவர்களும் அவர்கள்தான். ஆனால் அந்த வேலை பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1934-ல் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் லேசாக நெருக்கி, நீடித்த உயர் ரத்த அழுத்தத்தை வரவழைத்துக் காட்டிய பிறகுதான் உலகம் மறுபடி சிறுநீரகத்தைத் திரும்பிப் பார்த்தது.

ரெனின் நேரடியாக அழுத்தத்தை ஏற்றுவதில்லை. கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விட்டிருக்கும் ஒரு புரதத்தை அது வெட்டும். வெட்டிய துண்டுக்கு ஆஞ்சியோடென்சின் ஒன்று என்று பெயர். அதற்குப் பெரிய பலம் இல்லை. முக்கியமாக நுரையீரலின் ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் ஒரு நொதி அதன் வாலை இன்னும் கொஞ்சம் நறுக்கி ஆஞ்சியோடென்சின் இரண்டு ஆக்கும். இதுதான் ஆள். ரத்தக் குழாய்களை இறுக்கும். தாகத்தைக் கிளப்பும். சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தட்டி எழுப்பி ஆல்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கும். ஆல்டோஸ்டிரோன் நெஃப்ரானின் கடைக்கோடிக்குப் போய், "உப்பை விடாதே, பிடி" என்று சொல்லும். சோடியத்தைப் பிடிக்கும்போது பொட்டாசியத்தை வெளியே விடும். இது மரபணு வரை போய் நடக்கும் வேலை என்பதால் வாசோபிரசின் போல நிமிடக்கணக்கில் முடியாது, மணிக்கணக்கு ஆகும்.

சிறுநீரகத்தில் கிளம்பிய சேதி கல்லீரலின் சரக்கை எடுத்துக்கொண்டு, நுரையீரலில் தீட்டப்பட்டு, அட்ரினலைத் தொட்டு, கடைசியில் சிறுநீரகத்துக்கே திரும்புகிறது. அக்கா ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வரும்போது இத்தனையும் நடக்கிறது.

உப்பைப் பிடித்து வைக்க உடம்பில் இத்தனை ஏற்பாடு ஏன் என்று கேட்டால், கடலை விட்டுக் கரையேறிய உயிர்களுக்கு உப்பு எளிதில் கிடைக்காத பண்டம் என்பதுதான் பதில். மனிதர்களுக்கும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. இன்றைக்கு உப்பு மலிவு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிடச் சொல்கிறது. ஒரு தேக்கரண்டிதான். குழம்பு, பொரியல், ஊறுகாய், அப்பளம், சாயங்காலம் மிக்சர் என்று போகும் நம் நாளில் அது எந்த நேரத்தில் தீர்ந்துபோகிறது என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதயம் சொல்வது

இப்போது கிணற்றுக்குத் திரும்புவோம்.

இதயத்தின் மேலறைச் செல்களில் சின்னச் சின்ன மணிகள் இருப்பதை 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஹார்மோன் சுரக்கும் செல்களில்தான் அப்படிப்பட்ட மணிகள் இருக்கும். வெறும் பம்புக்கு எதற்கு மணிகள்? கனடாவில் கிங்ஸ்டன் நகரத்தில் வேலை பார்த்த, அர்ஜென்டினாவில் பிறந்த அடோல்ஃபோ டி போல்ட் இதையே பிடித்துக்கொண்டு தொங்கினார். 1981-ல் அவர் குழு எலியின் இதய மேலறையை அரைத்து எடுத்த சாற்றை வேறு எலிகளுக்கு ஊசியில் செலுத்தியது. சிறுநீரில் சோடியம் வெளியேறுவது முப்பது மடங்குக்கு மேல் கூடியது. கீழறைச் சாற்றுக்கு அந்தப் பலன் இல்லை. மேலறையில் ஒளிந்திருந்த அந்த ஹார்மோனைச் சுருக்கமாக ஏ.என்.பி. என்கிறார்கள். அதன் வேலை சிறுநீரகத்திடம் போய், "நிறைய இருக்கிறது, உப்பை வெளியே விடு" என்று சொல்வது. ரெனினையும் ஆல்டோஸ்டிரோனையும் அது அடக்கும்.

மேலறை எப்போது இதைச் சுரக்கும்? இழுபட்டு விரியும்போது. அதாவது, ரத்தம் அதிகம் வந்து சேரும்போது.

கழுத்தளவு தண்ணீரில் நிற்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். தரையில் நிற்கும்போது ரத்தத்தில் ஒரு பங்கு எப்போதும் கால்களின் சிரைகளில் தேங்கி நிற்கும். கிணற்றுக்குள் தண்ணீரின் அழுத்தம் காலையும் வயிற்றையும் நாலாபுறமும் அமுக்குகிறது. ஆழம் கூடக் கூட அழுத்தம் அதிகம் என்பதால் கீழே அதிகமாகவும் மேலே குறைவாகவும் அமுக்கும். தேங்கி நின்ற ரத்தம் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கூடுதலாக நெஞ்சுக்கு வந்து சேரும். கிணற்றுத் தண்ணீர் குளிர்ந்திருந்தால் தோலின் குழாய்களும் சுருங்கித் தம் பங்குக்குக் கொஞ்சம் அனுப்பும். இதய மேலறை உப்பிப்போகிறது. உடம்பில் மொத்த ரத்தம் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை. ஆனால் இதயத்துக்கு அது தெரியாது. தன் அறைக்கு எவ்வளவு வந்தது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ரத்தம் மிதமிஞ்சிவிட்டது என்று எண்ணி ஏ.என்.பி.யை விடுகிறது. வாசோபிரசின் குறைகிறது, ரெனின் குறைகிறது. சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் திறந்துவிடுகிறது.

பையன் படியேறி ஒதுங்குகிறான். அப்பத்தா சொன்னதில் பாதி சரி. தண்ணீரால்தான் வந்தது. ஆனால் வெளியே போனது அவன் காலையில் குடித்த தண்ணீர்.

நீந்திக் களைத்து மேலே வந்ததும் தாகம் எடுக்கும், பம்புசெட்டுத் தொட்டியில் வாய் வைத்துக் குடிப்போம். ஈரத்தில் கிடந்தவனுக்கு என்ன தாகம் என்று யாரும் கேட்டதில்லை.

சிவப்பணுக் கணக்கு

ரத்தத்தின் நீர்ப்பகுதியைச் சிறுநீரகம் எப்படிக் காக்கிறது என்று பார்த்தோம். மீதி 45 சதவீதமான சிவப்பணுக்களின் கணக்கும் சிறுநீரகத்தின் கையில்தான் இருக்கிறது. சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தசோகை வரும்போது இரும்புச்சத்து டானிக்கும் பேரீச்சம்பழமும் மட்டும் கொடுத்துவிட்டு ஹீமோகுளோபின் ஏறவில்லையே என்று வீட்டில் தவிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். தினமும் செத்துப்போவதை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு நொடிக்கும் இருபது லட்சம் என்ற கணக்கில் புதிதாகச் செய்தபடி இருக்கிறது. எவ்வளவு செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்வது எரித்ரோபொய்ட்டின். வளர்ந்தவர்களுக்கு அது பெரும்பாலும் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததை உணர்ந்ததும் சிறுநீரகம் அதைக் கூட்டும். மலைப் பிரதேசத்தில் போய்த் தங்கினால் சில வாரங்களில் சிவப்பணு எண்ணிக்கை ஏறுவது இதனால்தான். செல்கள் ஆக்சிஜன் குறைவதை எப்படி உணர்கின்றன என்பதைத் துலக்கிய மூவருக்கு 2019-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

இந்த ஹார்மோனைப் பிடித்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ரத்தத்தில் அது இருக்கும் அளவு மிகமிகச் சொற்பம். மஜ்ஜை வேலை செய்யாத நோயாளிகளின் உடம்பு மட்டும், பதில் வராத மஜ்ஜைக்கு ஓயாமல் இந்த ஹார்மோனை அனுப்பிக்கொண்டே இருக்கும், அதில் கொஞ்சம் சிறுநீரிலும் போகும். ஜப்பானில் அப்படிப்பட்ட நோயாளிகளிடமிருந்து 2550 லிட்டர் சிறுநீரைச் சேகரித்து வற்றவைத்து, தகாஜி மியாகே என்ற மருத்துவர் சிகாகோவில் இருந்த யூஜின் கோல்ட்வாசரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1977-ல் அதிலிருந்து சில மில்லிகிராம் சுத்தமான எரித்ரோபொய்ட்டின் கிடைத்தது. 1989-ல் செயற்கை எரித்ரோபொய்ட்டின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இன்று போடும் அந்த ஊசிக்குப் பின்னால், யாரென்றே தெரியாத அந்த நோயாளிகள் இருக்கிறார்கள்.

அம்மாவின் கொலுசுத் தடம்

அம்மாவுக்கு மாரடைப்பு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் சாயங்காலம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது கணுக்காலில் கொலுசு அழுந்திய தடம் பள்ளமாகத் தெரிந்தது. முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்றது. மெதுவாக, மாவில் விரல் வைத்த மாதிரி, தூர்ந்தது. ராத்திரி மூன்று நாலு முறை ஒன்றுக்கு எழுந்திருக்கிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணையை அடுக்கி வைத்திருந்தார்.

"ஒன்னுக்கு நல்லாத்தானே போகுது? அப்புறம் எப்படி நீர் கோக்கும்?" என்று கேட்டார்.

சிறுநீரகம் நன்றாகத்தான் இருந்தது. பலவீனப்பட்டது இதயம். அது தள்ளும் ரத்தம் குறைந்துவிட்டது. சிறுநீரகத்தின் அந்தச் சின்னத் தமனியில் அழுத்தம் இறங்குகிறது. காயம் பட்டு ரத்தம் போனாலும் அழுத்தம் இறங்கும், மே மாதப் பேருந்திலும் இறங்கும், பம்பு பலவீனமானாலும் இறங்கும். எது காரணம் என்று பிரித்துப் பார்க்கச் சிறுநீரகத்துக்கு வழியில்லை. வீங்கிய காலை அது பார்ப்பதில்லை. ரத்தம் குறைந்துவிட்டது என்றே முடிவுகட்டி ரெனினை விடுகிறது. உப்பு தங்குகிறது, தண்ணீர் தங்குகிறது. ஏற்கெனவே திணறும் இதயத்தின் தலையில் இன்னும் சுமை ஏறுகிறது. இதயம் விரிந்து, "போதும், வெளியே விடு" என்று தன் ஹார்மோனை அள்ளி விடுகிறது. ஆனால் அந்தக் குரல் ரெனின் கூட்டத்தின் இரைச்சலில் எடுபடுவதில்லை. பகலெல்லாம் காலில் இறங்கி நின்ற நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்புகிறது. அதனால்தான் ராத்திரியில் ஒன்றுக்கு முட்டுகிறது, நுரையீரலில் நீர் கட்டி மூச்சும் முட்டுகிறது.

மூச்சுத்திணறலோடு வருபவர்களுக்கு பி.என்.பி. என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். அது ஏ.என்.பி.யின் தம்பி. முதலில் பன்றியின் மூளையில் கண்டதால் மூளையின் பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் அதிகம் சுரப்பது இதயத்தின் கீழறைதான். அந்த அளவு ஏறியிருந்தால் இதயம் இழுபட்டுத் திணறுகிறது என்று பொருள் கொள்ளலாம்.

மாத்திரைகளும் இதே பாதையில்தான் குறுக்கே நிற்கின்றன. பெயர் 'பிரில்' என்று முடிபவை (எனலாப்ரில், ரேமிப்ரில் மாதிரி) நுரையீரலில் பார்த்தோமே, அந்த நறுக்கும் நொதியைத் தடுப்பவை. பிரேசிலில் வாழும் ஜராராகா என்ற விரியனின் விஷம்தான் இதற்கு வழிகாட்டியது. அந்தப் பாம்பு கடித்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அந்த விஷத்தில் இருந்த பொருளைப் பிரேசில்காரர் செர்ஜியோ ஃபெரைரா 1960-களில் ஆராய்ந்தார். அந்தத் தடத்தில் பிறந்த கேப்டோப்ரில் 1981-ல் மருந்தாக வந்தது. 'சார்டன்' என்று முடிபவை ஆஞ்சியோடென்சின் இரண்டு போய் உட்காரும் இடத்தை மறைப்பவை. ஸ்பைரோனோலாக்டோன் ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும். 1999-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களின் இறப்பை அது 30 சதவீதம் குறைத்திருந்தது. நீர் மாத்திரை என்று நாம் சொல்வது நெஃப்ரானில் உப்பைத் திரும்ப எடுக்க விடாமல் தடுப்பது. உப்பு போகும், பின்னாலேயே தண்ணீர் போகும்.

பாதை தெரிந்தால் எச்சரிக்கைகளும் புரியும். 'பிரில்' சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும், அதே நொதி சிதைக்க வேண்டிய இன்னொரு பொருள் சிதையாமல் சேர்ந்துவிடுவதால். ஆல்டோஸ்டிரோன் அடங்கினால் பொட்டாசியம் வெளியேறுவதும் குறையும். இந்த மாத்திரைகளை ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்று காட்டும் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவும் பார்த்துவரச் சொல்வது அதற்காகத்தான், பணம் பிடுங்க இல்லை. சிறுநீரகம் பழுதானவர்களை இளநீர் குடிக்க வேண்டாம் என்பதும் அதில் பொட்டாசியம் மிகுதி என்பதால்தான். வாந்தி பேதி வந்து உடம்பு வற்றிக் கிடக்கும்போது இந்த மாத்திரைகளைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். நாமாக நிறுத்துவதும் தப்பு, நாமாகத் தொடர்வதும் தப்பு. உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் பல, சிறுநீரகத்துக்கு ரத்தம் வரும் வாசலைச் சுருக்குபவை. இதய நோயாளிகள் அவற்றைக் கேட்காமல் விழுங்கவே கூடாது.

அம்மாவுக்கு மருத்துவர் மாத்திரைகளோடு ஒரு வேலையும் கொடுத்தார். தினமும் காலையில் ஒன்றுக்குப் போய்விட்டு, சாப்பிடும் முன் எடை பார்த்து எழுத வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே வர வேண்டும். அவ்வளவு சீக்கிரத்தில் சதை போடாது, ஏறுவது தண்ணீர்தான். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அம்மா எழுதி வருகிறார். 58.2, 58.0, 58.1. ஒரு திங்கட்கிழமை 59.0 என்று இருந்தது.

"நேத்து என்னம்மா சாப்பிட்ட?" என்றேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "கல்யாண வீட்ல என்ன சாப்பிடுவாங்க? ரெண்டு அப்பளம். கொஞ்சூண்டு மாங்கா ஊறுகா. அந்த மோர் மெளகா நல்லா இருந்துச்சு, அதுல ஒரு மூணு நாலு."

நான் காலண்டரைப் பார்த்தேன். முக்கால் கிலோவுக்கு மேல். ஒன்பது கிராமுக்கு ஒரு லிட்டர். இலையில் இருந்த உப்பு கணக்கில் கச்சிதமாக நின்றது.